நெட் இல்லாத லேப்டாப்பில் வைஃபை டாங்கிள்: ஒரே நடையில் முடிப்பது எப்படி

பைத்தியம் தெளிந்தால்தான் கல்யாணம் ஆகும், கல்யாணம் ஆனால்தான் பைத்தியம் தெளியும் என்பார்கள் இல்லையா, லினக்ஸில் யூஎஸ்பி வைஃபை டாங்கிள் போடுவதும் அந்தக் கதைதான். நெட் வர டிரைவர், அதாவது டாங்கிளை இயக்கும் மென்பொருள் வேண்டும், டிரைவரை இறக்க நெட் வேண்டும்.

எனக்கு இது போன மாதம் ஒடுகத்தூருக்கு அந்தப் பக்கம், மலையடிவாரத்தில் இருக்கும் அக்கா வீட்டில் வந்து சேர்ந்தது. அக்கா மகள் ப்ளஸ் டூ படித்தபோது அரசு கொடுத்த விலையில்லா லேப்டாப் ஒன்று வீட்டில் இருக்கிறது. பாஸ் என்ற இந்திய லினக்ஸும் விண்டோஸுமாக வந்த காலத்து உருப்படி, இன்னும் ஓடுகிறது, உள்ளே இருந்த வைஃபை கார்டு மட்டும் வயதாகிப் போய்விட்டது. இப்போது அதில் லினக்ஸ் மின்ட் 21 போட்டு அக்கா மகன் வைத்திருக்கிறான். அவன் படிக்கப் போகும் நூலகத்தில் வைஃபை உண்டு, அதற்காக ஒரு குட்டி டாங்கிள் வாங்கிவிட்டான். பெட்டியில் கம்பெனி பெயர்கூட ஒழுங்காக இல்லை. வீட்டில் நெட் கிடையாது, மலை மறைப்பதால் போனில் சிக்னலும் கிடையாது. நான் வேலூர் சத்துவாச்சாரியிலிருந்து பஸ் பிடித்துப் போய், தப்பான ஃபைலோடு உட்கார்ந்து, வெறுங்கையோடு திரும்பி, அடுத்த ஞாயிறு மறுபடி போனேன். முதல் தடவையே பத்து நிமிடம் செலவழித்து மெஷினிடம் சரியான கேள்விகளைக் கேட்டிருந்தால் அந்த இரண்டாவது பஸ் டிக்கெட் மிச்சம். டிரைவர் போடுவது சின்ன வேலைதான், எந்த டிரைவர் என்று கண்டுபிடிப்பதில்தான் முக்கால்வாசி உழைப்பு போகிறது. அதனால் கீழே அந்தப் பகுதிதான் நீளமாக இருக்கும்.

ஒரு விஷயம்: கட்டளைகளை வாயால் சொல்கிற மாதிரி தமிழிலேயே எழுதியிருக்கிறேன். டெர்மினலில் ஆங்கிலச் சின்ன எழுத்தில் அடியுங்கள். இடையில் கோடு போட்டுப் பிரித்திருந்தால் ஒவ்வொரு எழுத்தாக, இடைவெளி விடாமல் சேர்த்து அடிக்க வேண்டும். நிஜமான மைனஸ் குறி வரும் இடத்தில் ‘மைனஸ்’ என்றே சொல்லியிருக்கிறேன்.

முதலில் சோம்பேறி வழி. உங்கள் இடத்தில் போனில் சிக்னல் இருக்கிறதா? ஆண்ட்ராய்டு போனை டேட்டா கேபிளில் லேப்டாப்போடு இணைத்து, செட்டிங்ஸில் யூஎஸ்பி டெதரிங் ஆன் செய்யுங்கள். லினக்ஸ் அதை ஒயர்டு நெட்வொர்க்காக எடுத்துக்கொள்ளும், தனியாக டிரைவர் எதுவும் தேவைப்படாது. போன் வீட்டு வைஃபையில் இருந்தால் பல போன்களில் அந்த வைஃபையே கேபிள் வழியாக லேப்டாப்புக்கு வந்துவிடும், மொபைல் டேட்டா செலவாகாது. கேபிள் மட்டும் கவனம், சார்ஜ் மட்டும் ஏற்றும் மலிவு கேபிளில் இது வேலை செய்யாது. இது நடந்தால் மீதியைப் படிக்கவே வேண்டாம், அப்டேட் மேனேஜரைத் திறந்து வேலையைப் பாருங்கள். அக்கா வீட்டில் இது நடக்கவில்லை, அதனால்தான் இவ்வளவு எழுதுகிறேன்.

சரி, சிக்னலும் இல்லை. ஒரு காகிதம் எடுங்கள். போனில் படம் பிடித்தால் போதுமென்று நினைக்காதீர்கள், ஸ்கிரீனைப் பிடித்த படத்தில் 8க்கும் பி-க்கும் வித்தியாசம் தெரியாமல் நான் முழித்திருக்கிறேன்.

டாங்கிளைச் செருகாமல் ‘எல்-எஸ்-யூ-எஸ்-பி’ என்று அடியுங்கள். அப்புறம் செருகிவிட்டு மறுபடி அடியுங்கள். புதிதாக எந்த வரி வந்ததோ அதுதான் உங்கள் டாங்கிள். அந்த வரியில் ‘ஐடி’ என்பதற்குப் பக்கத்தில் நான்கு எழுத்து, முக்காற்புள்ளி, நான்கு எழுத்து என்று ஒன்று இருக்கும். முதல் நான்கு யார் தயாரிப்பு என்று சொல்லும், அடுத்த நான்கு எந்தப் பொருள் என்று சொல்லும். இந்த எட்டு எழுத்துதான் முக்கியம். பெட்டியில் போட்டிருக்கும் மாடல் பெயரை நம்பக் கூடாது, ஏனென்றால் ஒரே மாடல் பெயரில் உள்ளே சிப்பை மாற்றிவிடுவார்கள். டிபி-லிங்க்கின் டிஎல்-டபிள்யூஎன்722என் இதற்கு நல்ல உதாரணம். முதல் வெர்ஷனில் ஆதெரோஸ் ஏஆர்9271 சிப், செருகியதுமே லினக்ஸில் ஓடும். வெர்ஷன் 2 முதல் உள்ளே ரியல்டெக் 8188 வகை சிப், அதற்கு வேறு டிரைவர். பெட்டி ஒன்று, பெயர் ஒன்று, ஆள் வேறு.

நான் வழுக்கி விழுந்த இடம் இங்கேதான். அக்கா மகனின் டாங்கிள் காட்டிய எண் 0பிடிஏ:1ஏ2பி. 0பிடிஏ என்றால் ரியல்டெக், அது சரி. 1ஏ2பி என்பதைக் குறித்துக்கொண்டு வேலூருக்கு வந்து தேடி, எங்கேயோ 8188ஜியூ என்று போட்டிருந்ததால் அதற்கான சோர்ஸை, அதாவது டிரைவரின் மூல நிரலை இறக்கிக்கொண்டு போனேன். தப்பு. 1ஏ2பி என்பது வைஃபை சிப்பின் எண்ணே கிடையாது. இந்த மாதிரி டாங்கிள்கள் செருகியதும் முதலில் ஒரு சிடி டிரைவ் வேஷம் போடுகின்றன. விண்டோஸில் செருகினால் உள்ளேயிருந்தே டிரைவர் இன்ஸ்டாலர் வரவேண்டும் என்பதற்காகச் செய்த ஏற்பாடு அது. லினக்ஸில் டெஸ்க்டாப்பில் ஒரு சிடி ஐகான் வந்து உட்காரும், வைஃபை மட்டும் வராது. வேஷத்தைக் கலைத்தால்தான் உள்ளே இருக்கும் ஆள் யாரென்று தெரியும்.

கலைப்பது சுலபம். அந்த சிடி ஐகான்மேல் ரைட் கிளிக் செய்து எஜெக்ட் கொடுங்கள், சில நொடி பொறுத்து மறுபடி ‘எல்-எஸ்-யூ-எஸ்-பி’ அடியுங்கள். எண் மாறியிருந்தால் அதுதான் உண்மையான எண். எங்களுடையது 0பிடிஏ:சி811 ஆக மாறியது, அதாவது ஆர்டிஎல்8811சியூ சிப். எஜெக்ட்டில் மாறாவிட்டால் ‘யூஎஸ்பி அண்டர்ஸ்கோர் மோட்ஸ்விட்ச்’ என்ற கருவி இருக்கிறது. நிர்வாகி அனுமதி தரும் ‘சுடோ’ போட்டு அதன் பெயர், அப்புறம் மைனஸ் பெரிய கே, மைனஸ் வி 0பிடிஏ, மைனஸ் பி 1ஏ2பி. சில மெஷின்களில் இது தானாகவே நடந்துவிடும், அப்போது நீங்கள் வேஷத்தையே பார்க்க மாட்டீர்கள்.

“மாமா, பெட்டியிலயே சிடி ஒண்ணு குடுத்திருக்காங்க, அத்த போட்டா போதாதா?” என்று அவன் ஒரு மினி சிடியை நீட்டினான். வீட்டில் சிடி டிரைவ் வேலை செய்யும் கம்ப்யூட்டரே இல்லை. இருந்தாலும் அதை நம்பிப் போகாதீர்கள். இந்த சிடிகளில் லினக்ஸ் என்று ஒரு ஃபோல்டர் இருக்கும், ஆனால் பெரும்பாலும் பழைய கெர்னலுக்கு (லினக்ஸின் மையப் பகுதிக்கு) எழுதிய சோர்ஸ்தான் உள்ளே இருக்கும், இன்றைய கெர்னலில் கம்பைல் ஆகாமல், அதாவது ஓடும் நிரலாக மாறாமல் பக்கம் பக்கமாகச் சிவப்பில் எரர் கொட்டும்.

அடுத்து, கெர்னல் எண்ணைக் காட்டும் ‘யூ-நேம் மைனஸ் ஆர்’. 5.15.0-56-ஜெனரிக் என்பது மாதிரி ஒன்று வரும். முழுதாக எழுதுங்கள், கடைசி இரண்டு இலக்கத்தை விட்டுவிட்டால் எழுதாததற்குச் சமம். டிஸ்ட்ரோ, அதாவது மின்ட், உபுண்டு மாதிரி லினக்ஸ் வகை, எந்த வெர்ஷன் என்பதையும் எழுதுங்கள். மின்ட் வைத்திருப்பவர்கள் அது எந்த உபுண்டுமேல் நிற்கிறது என்றும் தெரிந்துகொள்ள வேண்டும். மின்ட் 21 வரிசை உபுண்டு 22.04, மின்ட் 22 வரிசை உபுண்டு 24.04.

கம்பைல் செய்ய மெஷினில் என்ன இருக்கிறது என்று பாருங்கள். ‘ஜி-சி-சி’, ‘மேக்’ இரண்டுக்கும் பின்னால் இடைவெளி விட்டு, இரண்டு மைனஸ், வெர்ஷன் என்று போட்டால் பதில் வருகிறதா? புதுக் கெர்னல் வரும்போது டிரைவரைத் தானே மறுபடி கட்டும் ‘டி-கே-எம்-எஸ்’ இருக்கிறதா? கம்பைலுக்குத் தேவையான கெர்னல் ஹெடர் ஃபைல்கள் இருக்கின்றனவா என்று பார்க்க, ‘லிப்’ ஃபோல்டருக்குள் ‘மாட்யூல்ஸ்’, அதற்குள் உங்கள் கெர்னல் எண்ணுள்ள ஃபோல்டர், அதற்குள் ‘பில்ட்’ என்று ஒன்று இருந்து அது திறக்கவும் செய்தால் ஹெடர் இருக்கிறது. கடைசியாக, கையொப்பமில்லாத டிரைவரைத் தடுக்கும் செக்யூர் பூட் ஆனில் இருக்கிறதா என்பது, ‘மாக்-யுடில்’ என்று, அதாவது எம்-ஓ-கே-யூ-டி-ஐ-எல் என்று அடித்து, இரண்டு மைனஸ், எஸ்-பி, ஒரு மைனஸ், ஸ்டேட் என்று போட்டால் சொல்லிவிடும். பழைய லேப்டாப்களில் இந்தத் தொல்லை பெரும்பாலும் இருக்காது.

கிளம்புவதற்கு முன் இன்னொன்று, கெர்னலின் பதிவுகளைக் காட்டும் ‘சுடோ டி-எம்-ஈ-எஸ்-ஜி’ அடித்துக் கடைசி இருபது வரியைப் படியுங்கள். அதில் ஃபர்ம்வேர் லோட் ஃபெயில்டு, எரர் -2 என்று இருந்தால் நீங்கள் அதிர்ஷ்டசாலி. டிரைவர் ஏற்கெனவே கெர்னலில் இருக்கிறது, டாங்கிளுக்குள் ஏற்ற அது கேட்கும் ஃபர்ம்வேர் என்ற சிறு நிரல் ஃபைல்தான் இல்லை என்று அர்த்தம். -2 என்றால் ஃபைல் கிடைக்கவில்லை. எந்த ஃபைல், எந்த உள் ஃபோல்டரில் என்பது அந்த வரியிலேயே இருக்கும். அந்த ஒரே ஃபைலை லினக்ஸ் ஃபர்ம்வேர் தொகுப்பிலிருந்து எடுத்து வந்து, ‘லிப்’ ஃபோல்டருக்குள் இருக்கும் ‘ஃபர்ம்வேர்’ ஃபோல்டரில் அது கேட்ட இடத்தில் வைத்து, டாங்கிளைப் பிடுங்கிச் செருகினால் முடிந்தது. கம்பைல் கிடையாது, ஒன்றும் கிடையாது. டெபியன் என்ற லினக்ஸ் வகையின் பழைய வெர்ஷன்களில் இது அடிக்கடி வரும். 2023இல் வந்த டெபியன் 12 முதல் இன்ஸ்டாலரிலேயே இந்த ஃபர்ம்வேர்களைச் சேர்த்துவிட்டார்கள். 148எஃப்:7601 என்று எண் காட்டும் மீடியாடெக் எம்டி7601யூ டாங்கிள்களும் இந்த வகைதான், கெர்னல் 4.2 முதல் டிரைவர் உள்ளேயே இருக்கிறது.

அந்த வரியே இல்லை என்றால் கெர்னலில் அந்தச் சிப்புக்கு டிரைவர் இல்லாமல் இருக்கலாம். இப்போது காகிதத்தோடு நெட் இருக்கும் இடத்துக்குப் போங்கள். உங்கள் எட்டு எழுத்தைப் போட்டுத் தேடி, சிப் பெயரைப் பிடியுங்கள், அந்தச் சிப் எந்தக் கெர்னலிலிருந்து உள்ளேயே வருகிறது என்று பாருங்கள். இது ஏன் என்றால், எங்கள் 8811சியூ மாதிரியான சிப்புகளுக்கு கெர்னல் 6.2 முதல் உள்ளேயே டிரைவர் இருக்கிறது, ஆர்டிடபிள்யூ88 என்ற குடும்பத்தில். 5.15இல் இல்லை. ஆக, வழி இரண்டு. புதிய கெர்னலுக்குப் போவது ஒன்று, இருக்கும் கெர்னலுக்கு வெளியே கிடைக்கும் சோர்ஸைக் கம்பைல் செய்வது இன்னொன்று.

என்னைக் கேட்டால் முதல் வழிதான். மின்ட் 22 ஐஎஸ்ஓ, அதாவது இன்ஸ்டால் ஃபைல், மூன்று ஜிபிக்குக் கொஞ்சம் முன்னே பின்னே, கெர்னல் 6.8. அதைப் பென்டிரைவில் ஏற்றி, லேப்டாப்பை அதிலிருந்து லைவாக, அதாவது இன்ஸ்டால் செய்யாமலே, பூட் செய்து டாங்கிளைச் செருகுங்கள். வைஃபை பட்டியல் வந்தால், புதிதாக அதையே இன்ஸ்டால் செய்துவிட்டால் டிரைவர் பிரச்சினை என்ற ஒன்றே இனி கிடையாது. லைவாக ஓட்டிப் பார்ப்பது, டிஸ்கில் எதையும் தொடாமல் பத்து நிமிடத்தில் தெரிந்துவிடும் பரிசோதனை. ஆனால் எங்கள் வீட்டில் இவன் ஒத்துக்கொள்ளவில்லை. நோட்ஸ், பழைய கேள்வித்தாள், விளையாட்டு எல்லாம் உள்ளே இருக்கிறதாம், ரீஇன்ஸ்டால் என்றதும் முகம் சுருங்கிவிட்டது. பேக்கப் எடுக்கத் தனி டிஸ்க்கும் இல்லை. சரி, கம்பைல் வழியிலேயே போனோம்.

கம்பைல் வழிக்கு இரண்டு மூட்டை வேண்டும். ஒன்று டிரைவர் சோர்ஸ், நிரல்களைப் பகிரும் கிட்ஹப் தளத்தில் சிப் பெயரைப் போட்டால் பல பிரதிகள் வரும். கடைசியாக எப்போது திருத்தினார்கள் என்று பார்த்து, உங்கள் கெர்னல் வெர்ஷனை ஆதரிப்பதாக வெளிப்படையாகச் சொல்வதை மட்டும் எடுங்கள். ஐந்து வருடமாகத் தொடாத பிரதியை இறக்கினால் மினி சிடிக்கும் அதற்கும் வித்தியாசம் இல்லை. ஜிப்பாக இறக்கி, ஜிப்பாகவே பென்டிரைவில் போடுங்கள். அங்கேயே பிரிக்காதீர்கள். பென்டிரைவ் பெரும்பாலும் ஃபேட்32, அதில் லினக்ஸின் ஃபைல் அனுமதிகளும் சிம்பாலிக் லிங்க்குகளும் நிற்காது, பிரித்த ஃபோல்டரை லேப்டாப்புக்குக் காப்பி செய்தால் ஸ்கிரிப்டுகள் ஓட மறுக்கும். ஜிப்பை ஹோம் ஃபோல்டருக்குக் கொண்டுவந்து அங்கே பிரிப்பதுதான் சரி. பிரவுசிங் சென்டர் மெஷினில் பென்டிரைவைச் செருகினால் சில சமயம் எல்லா ஃபோல்டரும் ஷார்ட்கட்டாக மாறி வரும், பயப்பட வேண்டாம், அது விண்டோஸ் வைரஸின் சில்மிஷம். லினக்ஸில் திறந்தால் உண்மையான ஃபைல்கள் அங்கேயே இருக்கும்.

இரண்டாவது மூட்டை, கம்பைலர், ஹெடர், டிகேஎம்எஸ் இவற்றில் எது இல்லையோ அதன் டெப் ஃபைல்கள், அதாவது உபுண்டு, மின்ட்டுக்கான இன்ஸ்டால் ஃபைல்கள். இதை ஒவ்வொன்றாக இணையதளத்தில் தேடி இறக்கினால் ஒன்றுக்கு ஒன்று, அதற்கு இன்னொன்று என்று அனுமார் வால் மாதிரி நீளும். நான் செய்தது வேறு. லேப்டாப்பில் எந்த மின்ட் வெர்ஷன் இருக்கிறதோ அதே வெர்ஷன் ஐஎஸ்ஓவை, வேலூரில் நெட் இருக்கும் என் கம்ப்யூட்டரில் லைவாக பூட் செய்தேன். இன்ஸ்டால் செய்த கையோடு, அப்டேட்டே போடாமல் இருக்கும் லேப்டாப்புக்கும் இதற்கும் உள்ளே இருக்கும் பேக்கேஜ்கள் கிட்டத்தட்ட ஒன்றுதான். ‘சுடோ ஏ-பி-டி அப்டேட்’, அப்புறம் ‘சுடோ ஏ-பி-டி-மைனஸ்-கெட் இன்ஸ்டால்’, இடைவெளி விட்டு, இரண்டு மைனஸ், டவுன்லோட், ஒரு மைனஸ், ஒன்லி, அதற்குப் பின் வேண்டிய பேக்கேஜ் பெயர்கள்: பில்ட்-மைனஸ்-எசென்ஷியல், டிகேஎம்எஸ், லினக்ஸ்-மைனஸ்-ஹெடர்ஸ் என்று போட்டு இன்னொரு மைனஸோடு உங்கள் காகிதத்தில் இருக்கும் அந்த நீள எண். இன்ஸ்டால் செய்யாமல் இறக்கி மட்டும் வைக்கும். ‘வார்’ ஃபோல்டரில், வி-ஏ-ஆர், கேஷ், அதற்குள் ஏபிடி, அதற்குள் ஆர்க்கைவ்ஸ், அங்கே டெப் ஃபைல்கள் குவிந்திருக்கும். மொத்தமாகப் பென்டிரைவில் அள்ளிப் போடுங்கள். நீங்கள் குறித்த கெர்னல் எண்ணுக்கான ஹெடருக்குப் பதிலாக வேறு எண்ணுடைய ஹெடரை எடுத்துப் போனால் பிரயோஜனமில்லை, 56க்கு 56தான் பொருந்தும், 58 பொருந்தாது.

இனி லேப்டாப் முன்னால். டெப் ஃபைல்களை ஒரு ஃபோல்டரில் போட்டு, டெர்மினலில் அந்த ஃபோல்டருக்குள் போய், ‘சுடோ ஏ-பி-டி இன்ஸ்டால்’, அப்புறம் புள்ளி, ஸ்லாஷ், நட்சத்திரம், புள்ளி, டெப். எது முதலில் எது பின்னால் என்ற வரிசையை அதுவே பார்த்துக்கொள்ளும்.

கம்பைல் தொடங்கும் முன் தேதியைப் பாருங்கள். சிரிக்காதீர்கள், எங்களுக்கு அரை மணி நேரம் போனது இதில்தான். பழைய லேப்டாப்பில் மதர்போர்டில் இருக்கும் பட்டன் செல் தீர்ந்திருந்தால் ஒவ்வொரு முறை பூட்டாகும்போதும் தேதி பல வருடம் பின்னால் போய் நிற்கும், நெட் இருந்தால் தானே சரியாகும், இங்கே அதற்கும் வழியில்லை. சோர்ஸ் ஃபைல்களின் தேதி ‘எதிர்காலத்தில்’ இருப்பதாக நினைத்து ‘மேக்’ குழம்பி, கிளாக் ஸ்க்யூ என்று எச்சரித்து, எதையெல்லாம் மறுபடி கம்பைல் செய்வது என்று தெரியாமல் தடுமாறும். ‘சுடோ டேட் மைனஸ் எஸ்’ போட்டு, மேற்கோள் குறிக்குள் வருடம்-மாதம்-நாள், மணி கொடுத்துச் சரிசெய்துவிட்டுத் தொடங்குங்கள்.

சோர்ஸ் ஃபோல்டருக்குள் போய் ‘மேக்’. பழைய லேப்டாப் என்றால் அஞ்சு பத்து நிமிடம் ஓடும், விசிறி இரையும், அக்கா டீயோடு வந்து “இன்னாடா, குண்டுமணி சைஸ் சாமானோட ரெண்டு வாரமா மல்லு கட்டற” என்பாள். வார்னிங் எத்தனை வந்தாலும் கண்டுகொள்ளாதீர்கள், எரர் என்று நின்றால் மட்டும் பாருங்கள். ‘பில்ட்’ ஃபோல்டர் இல்லை, நோ சச் ஃபைல் என்று முதல் நொடியிலேயே நின்றால் ஹெடர் சரியில்லை. பாதியில் ஏதோ ஃபங்ஷன் பெயரைச் சொல்லி நின்றால் சோர்ஸ் உங்கள் கெர்னலுக்குப் பழசு அல்லது புதுசு, வேறு பிரதிதான் வேண்டும். இதனால்தான் நான் இரண்டாவது நடையில் மூன்று பிரதி எடுத்துப் போனேன். இரண்டாவது பிரதி ஏறியது.

வெற்றிகரமாக முடிந்தால் ‘சுடோ மேக் இன்ஸ்டால்’ என்று பலர் நிறுத்திவிடுவார்கள். நெட் கிடைத்ததும் முதல் வேலையாகக் கெர்னல் அப்டேட் வரும், ரீஸ்டார்ட் செய்ததும் டாங்கிள் செத்திருக்கும், மறுபடி உங்களுக்குத்தான் போன் வரும். சோர்ஸ் ஃபோல்டரில் டிகேஎம்எஸ்-புள்ளி-கான்ஃப் என்ற ஃபைல் இருந்தால் ‘சுடோ டி-கே-எம்-எஸ் ஆட்’, இடைவெளி, ஒரு புள்ளி. பிறகு ‘சுடோ டி-கே-எம்-எஸ் இன்ஸ்டால்’, அந்தக் கான்ஃப் ஃபைலில் இருக்கும் பெயர், ஸ்லாஷ், வெர்ஷன். புதுக் கெர்னல் வரும்போதெல்லாம் அதுவே டிரைவரையும் கட்டிக்கொள்ளும், அந்தக் கெர்னலுக்கான ஹெடரும் கூடவே வந்திருந்தால்.

‘சுடோ மாட்-ப்ரோப் 8821சியூ’ என்று, எம்-ஓ-டி-பி-ஆர்-ஓ-பி-ஈ, மாட்யூல் (கம்பைல் ஆன டிரைவர்) பெயரைச் சொல்லி ஏற்றுங்கள். 8811சியூவுக்கும் மாட்யூல் பெயர் 8821சியூதான், குழம்ப வேண்டாம். இங்கே ‘கீ வாஸ் ரிஜெக்டட்’ என்று வந்தால் செக்யூர் பூட் தடுக்கிறது. பயாஸில் அதை ஆஃப் செய்வது குறுக்கு வழி. அல்லது டிகேஎம்எஸ் போடும்போது கேட்கும் பாஸ்வேர்டைக் கொடுத்து, ரீஸ்டார்ட்டில் வரும் நீலத் திரையில் என்ரோல் எம்ஓகே, கன்டினியூ, யெஸ், அதே பாஸ்வேர்டு. அந்தத் திரை சில நொடிதான் காத்திருக்கும், பாத்ரூம் போய்விடாதீர்கள்.

வைஃபை வந்ததா என்று பார்க்க ‘ஐ-பி லிங்க்’. டபிள்யூலேன்0 என்று தேடாதீர்கள். உபுண்டு, மின்ட்டில் யூஎஸ்பி டாங்கிளுக்கு டபிள்யூ-எல்-எக்ஸ் என்று தொடங்கிப் பின்னால் மேக் அட்ரஸ் ஒட்டிய நீளப் பெயர் வரும். பெயர் இருக்கிறது, நெட்வொர்க் பட்டியல் மட்டும் வரவில்லை என்றால் ‘ஆர்-எஃப்-கில் லிஸ்ட்’ பாருங்கள். செத்துப்போன உள் வைஃபையின் சுவிட்சு ஏதாவது பிளாக் போட்டு வைத்திருக்கும்.

மலையடிவாரத்தில் எந்த வைஃபையில் சோதிப்பது? என் போனில் ஹாட்ஸ்பாட் ஆன் செய்தேன். டேட்டா இல்லாவிட்டாலும் ஹாட்ஸ்பாட் ஆனது, லேப்டாப் பாஸ்வேர்டு கேட்டது, கனெக்ட் ஆனது. இன்டர்நெட் இல்லை என்று ஓர் ஆச்சரியக்குறி மட்டும் காட்டியது, டிரைவருக்கு அது போதும்.

நூலகத்தில் ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை கனெக்ஷன் விட்டுப் போகிறது என்று மறுநாள் போன் செய்தான். அது பவர் சேவிங். ‘ஈ-டி-சி’ ஃபோல்டரில் நெட்வொர்க்மேனேஜர், அதற்குள் கான்ஃப்-புள்ளி-டி, அங்கே வைஃபை பவர்சேவ் என்று பெயரில் வரும் ஃபைலைத் திறந்து 3 என்று இருப்பதை 2 ஆக்கி ரீஸ்டார்ட் செய்யச் சொன்னேன், அதற்கப்புறம் போன் இல்லை. சோர்ஸ் ஜிப்பும் டெப் ஃபைல்களும் அவன் ஹோம் ஃபோல்டரில் ‘மாமா’ என்ற பெயரில் கிடக்கின்றன. மினி சிடியை அக்கா நூலில் கட்டிக் கொய்யா மரத்தில் தொங்கவிட்டிருக்கிறாள், கிளி விரட்ட.